வந்து வந்து மறையும் என்ஜின் விளக்கு

டீசல் கார் வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பலவும் ஒரே தொல்லையைப் பற்றியே இருந்ததால், இம்முறை கேள்வி-பதில் பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகிறது. மீட்டர் போர்டில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிகிறது. சில நாளில் தானாக அணைகிறது. ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோகும் நாளில் எரிவதில்லை.

கேள்வி: என்னுடையது 2015 மாடல், 1.3 லிட்டர் காமன் ரெயில் டீசல் கார். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஊருக்குள்ளும் கோவை சாலையிலும் எந்தத் தொந்தரவும் இல்லை. குடும்பத்தோடு வால்பாறைக்கு ஏறும்போது மட்டும், ஆழியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிய சிறிது நேரத்தில், என்ஜின் விளக்கு எரிந்து பிக்கப் விழுந்துவிடுகிறது. ஓரங்கட்டிச் சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் வண்டி பழையபடி இழுக்கிறது. விளக்கு மட்டும் இரண்டு மூன்று நாள் எரிந்துவிட்டு அணைகிறது. ஸ்கேனர் போட்டுப் பார்த்த மெக்கானிக், பி0087 என்ற எரர் கோடு இருக்கிறது, ஹை பிரஷர் பம்ப் போய்விட்டது என்கிறார். இன்னொருவர் புகையைத் திருப்பி விடும் இஜிஆர் வால்வை மாற்றச் சொல்கிறார். பம்புக்கு மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆகுமாம். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: இரண்டில் எதையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். முக்கியமான துப்பு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: சமதளத்தில் வராத கோளாறு, ஆள் நிறைந்த வண்டி மலை ஏறும்போது வருகிறது. இதை அந்த இரு மெக்கானிக்குகளும் உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. ஸ்கேனர் வந்த பிறகு வண்டிக்காரரிடம் நாலு கேள்வி கேட்கும் வழக்கம் பட்டறைகளில் குறைந்து வருவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. விட்டுவிட்டு வரும் கோளாறைப் பொறுத்தவரை, ஓட்டியவரின் நினைவு பல நேரங்களில் ஸ்கேனரைவிடக் கூடுதலாகச் சொல்லும்.

பி0087 என்ற குறியீட்டுக்குப் பொருள், ரெயில் குழாயில், அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசலைக் கொடுக்கும் பொதுக் குழாயில், இருக்க வேண்டிய அழுத்தத்தைவிடக் குறைவான அழுத்தம் இருந்தது என்பது மட்டுமே. பம்ப் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. டேங்க்கிலுள்ள சல்லடை, டீசல் குழாய்கள், ஃபில்டர், ஹை பிரஷர் பம்ப், பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு, ரெயில், ரெயிலில் அழுத்தத்தை அளக்கும் சென்சார், கடைசியாக என்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் என்று நீளும் இந்தப் பாதையில் எந்த இடத்தில் குறை இருந்தாலும், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குத் தெரிவது ஒன்றே: கேட்ட அழுத்தம் கிடைக்கவில்லை. குறியீடு தேடலின் தொடக்கம். அதையே முடிவாக எடுத்துக்கொண்டு உதிரிபாகம் வாங்குவதால்தான் இவ்வளவு பணம் வீணாகிறது.

விளக்கு ஏன் தானாக அணைகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் நான்கு சக்கர வாகனங்களில் வந்த ஓபிடி 2 என்ற சுய சோதனை முறையில், சில குறைகள் முதல் முறையிலேயே விளக்கை எரிய வைக்கும். மற்றவை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் எரிய வைக்கும். பிறகு அதே குறை தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் தென்படாவிட்டால் விளக்கு அணையும். ஆனால் குறியீடு நினைவிலேயே தங்கும். என்ஜின் குளிர்ந்து மீண்டும் சூடாகும் சுற்று பொதுவாக 40 முறை குறையில்லாமல் கடந்த பிறகுதான் அது அழியும். ஆகவே விளக்கு அணைந்தது கோளாறு சரியானதற்கு அடையாளம் ஆகாது. நீங்கள் வால்பாறையிலிருந்து இறங்கி ஊருக்குள் இரண்டு மூன்று நாள் ஓட்டியதில் அந்தக் குறை தென்பட வாய்ப்பே இல்லை, அதனால் அணைந்திருக்கிறது. விளக்கு அணைந்த பிறகு ஒர்க் ஷாப்புக்குப் போனாலும் படிக்க வேண்டியது உள்ளே இருக்கும்; தாமதமாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

அங்கே முதலில் படிக்கச் சொல்ல வேண்டியது ஃப்ரீஸ் ஃப்ரேம். குறியீடு பதிவான அந்தக் கணத்தில் என்ஜின் எத்தனை சுற்றில் ஓடியது, எவ்வளவு சுமை இழுத்தது, வேகம் என்ன, கூலன்ட் எவ்வளவு சூடாக இருந்தது என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் ஒரு பதிவாக எடுத்து வைத்திருக்கும். குறியீட்டை அழித்தால் இதுவும் சேர்ந்து அழிந்துவிடும். ஸ்கேனரை மாட்டியதும் பலர் செய்யும் முதல் வேலை அழிப்பதுதான். அதைத் தடுத்து, திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்ட பிறகே மற்றதைத் தொட விடுங்கள். உங்கள் வண்டியில் அந்தப் பதிவு குறைந்த வேகத்தையும் நூறு சதவீதத்தை ஒட்டிய சுமையையும் காட்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

அப்படிக் காட்டினால் என் முதல் சந்தேகம் டீசல் ஃபில்டர் மீதுதான். வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது ரெயிலில் ஏறக்குறைய 300 பார் அழுத்தம் போதும், செலவாகும் டீசலும் மிகக் குறைவு. முழுச் சுமையில் மலை ஏறும்போது இந்த வகை என்ஜின்கள் 1,600 பார் வரை கேட்கும்; டீசலும் பல மடங்கு தேவைப்படும். பாதி அடைத்துக்கொண்ட ஃபில்டர் ஊருக்குள் தேவைப்படுவதைத் தாராளமாக விட்டுவிடும். வளைவுக்கு வளைவு ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஏறும்போதுதான் அதன் குறை தெரியும். ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. சர்வீஸ் பில்லில் ‘மாற்றப்பட்டது’ என்று இருப்பதை நம்பாமல், கழற்றிய பழைய ஃபில்டரைக் கண்ணால் பாருங்கள்.

மாற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பெரும்பாலான ஃபில்டர்களின் அடியில் தண்ணீரை வடிக்க ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, வரும் டீசலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து, மேலே நிற்கும் டீசலுக்கும் அதற்கும் இடையே தெளிவான ஒரு கோடு விழும். துரு இருந்தால் செம்பழுப்பு வண்டலாகப் படியும். பிறகு பழைய ஃபில்டரை அறுத்துத் திறந்து, உள்ளிருக்கும் மடிப்புத் தாளை விரித்து வெயிலில் பாருங்கள். கருமையான பிசின் படிந்திருந்தால் அடைப்பு உறுதி. ஜரிகைத் தூளைப் போல மினுக்கும் துகள்கள் தெரிந்தால் அது வேறு கதை, பின்னால் சொல்கிறேன்.

இன்னொரு கேள்வி: விளக்கு எரிந்த நாட்களில் டேங்க்கில் எவ்வளவு டீசல் இருந்தது? கால் டேங்க்குக்கும் கீழே இருக்கும்போது, செங்குத்தான ஏற்றத்திலும் கூர்மையான வளைவிலும் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றையும் சேர்த்து இழுக்கக் கூடும். அடுத்த முறை டேங்க்கை நிரப்பிக்கொண்டு, அதே ஆட்களோடு அதே வழியில் ஏறிப் பாருங்கள். விளக்கு வராவிட்டால் டேங்க்கிலுள்ள சல்லடை, உறிஞ்சு குழாய், அதன் இணைப்புகளிலுள்ள ரப்பர் வளையங்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டேங்க்கில் மின்பம்ப் இல்லாத வண்டிகளில் ஃபில்டருக்கும் ஹை பிரஷர் பம்புக்கும் இடையே ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்கும் ஒளி ஊடுருவும் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தினால், காற்றுக் குமிழிகள் ஓடுவது அப்படியே தெரியும். ஆனால் இது ஒர்க் ஷாப்பில் நின்ற வண்டியில் செய்ய வேண்டிய சோதனை. அந்தக் குழாயோடு மலை ஏறக் கூடாது.

ஃபில்டர் மாற்றியும் கோளாறு தொடர்ந்தால், அதே மலைச்சாலையில் ஓடும்போதே அளவுகளைப் பதிவுசெய்ய வேண்டும். ஸ்கேனரில் கம்ப்யூட்டர் கேட்கும் ரெயில் அழுத்தம், உண்மையில் இருக்கும் ரெயில் அழுத்தம் என்ற இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டுப் பதிவுசெய்யுங்கள். ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் பார்க்க வேண்டும்; ஓட்டுபவரே திரையைப் பார்ப்பது கொண்டை ஊசி வளைவில் உயிருக்கு ஆபத்து. கேட்பது 1,400 இருக்க, கிடைப்பது 1,300, 1,150, 1,000 என்று படிப்படியாகப் பின்தங்கினால் டீசல் வரத்தில்தான் குறை. அப்படியில்லாமல் நன்றாக இருந்த அளவு ஒரே நொடியில் பூச்சியத்துக்கு விழுந்து மறுநொடி பழைய இடத்துக்கே வந்து, என்ஜினும் ஓடிக்கொண்டே இருந்தால், அழுத்தம் உண்மையில் விழவில்லை. சென்சாரோ அதன் வயரோ வயரை இணைக்கும் கப்ளரோ பொய் சொல்கிறது என்று பொருள். ரெயிலில் அழுத்தமே இல்லாமல் டீசல் என்ஜின் ஓட முடியாது அல்லவா?

படிப்படியாகப் பின்தங்குகிறது, ஆனால் ஃபில்டர் வரையிலான பகுதி சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்தால், அடுத்தது இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் சோதனை. நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களையும் ஒரே அளவான நான்கு பாட்டில்களில் விட்டு, சூடான என்ஜினைச் சிறிது நேரம் ஓட்டினால், எந்த இன்ஜெக்டர் டீசலை உள்ளே செலுத்தாமல் திருப்பி அனுப்புகிறது என்பது பாட்டிலின் மட்டத்திலேயே தெரியும். தேய்ந்த இன்ஜெக்டர் இருந்தால் சூடான வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது செல்ஃப் நீண்ட நேரம் சுற்றுவது வழக்கம். நீங்கள் அதைக் குறிப்பிடாததால் எனக்கு இதில் சந்தேகம் குறைவு. இவையெல்லாம் முடிந்த பிறகுதான் பம்பின் முறை வரும். முன்பே சொன்ன மினுக்கும் துகள்கள் பம்ப் உள்ளே தேய்வதன் அடையாளம். பம்பிலுள்ள கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றினால் அதன் சல்லடையிலும் அவை ஒட்டியிருக்கும். அப்படி இருந்தால் பம்பை மட்டும் மாற்றுவதும் வீண்தான். ரெயில், குழாய்கள், டேங்க் வரை சுத்தம் செய்து, இன்ஜெக்டர்களையும் சோதித்தாக வேண்டும். துகளே இல்லை என்றால் பம்பைக் குறைசொல்ல இதுவரை ஆதாரம் இல்லை.

இஜிஆர் வால்வைப் பொறுத்தவரை, அது மிதமான சுமையில் புகையின் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் விடுவதற்கானது. முழுச் சுமையில் மூடிக்கொள்ளும். மூடாமல் கரி பிடித்துச் சிக்கியிருந்தால் ஏற்றத்தில் இழுவை குறையும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது பின்னால் கரும்புகை வரும், குறியீடும் பி0401, பி0402 போன்று வேறாக இருக்கும். நீங்கள் புகையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

எச்சரிக்கை ஒன்றை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். பழைய டீசல் வண்டிகளில் என்ஜின் ஓடும்போதே நாசில் குழாய் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் வழக்கம் இருந்தது. காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 2.3 பார், இங்கே அது ஆயிரத்தைத் தாண்டும். கண்ணுக்குத் தெரியாத கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உடம்புக்குள் செலுத்திவிடும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் அந்தக் காயத்துக்கு உடனடியாக அறுவை சிகிச்சை தேவைப்படலாம். கசிவைத் தேட விரலை வைக்காதீர்கள், மெக்கானிக்கையும் வைக்க விடாதீர்கள். என்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் பொறுத்த பிறகே எந்த இணைப்பையும் தொட வேண்டும்.

கோளாறு தீரும்வரை ஊருக்குள் ஓட்டுவதில் பெரிய அபாயம் இல்லை. மலைச்சாலையில் மட்டும் முந்திச் செல்லும் நேரத்தில் பிக்கப் விழுந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணி, அந்தப் பயணங்களைத் தள்ளிவையுங்கள். சோதனைக்காக ஏறும்போதும் யாரையும் முந்த வேண்டாம்.

கேள்வி: மழை பெய்த மறுநாள் காலையில் என்ஜின் விளக்கு எரிகிறது, வெயில் ஏறியதும் சில நாளில் போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் ஸ்கேனரில் வேறு வேறு சென்சார் பெயர் வருகிறது. இதுவரை இரண்டு சென்சார்கள் மாற்றியாயிற்று. கார் எட்டு வருடப் பழையது, கடற்கரைக்கு அருகில் வெட்டவெளியில் நிற்கிறது.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: ஒன்றோடொன்று தொடர்பில்லாத சென்சார்களின் பெயர் மாறி மாறி வந்தால், அவை எல்லாம் ஒரே நேரத்தில் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு, அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. பொதுவானவை மூன்று: பேட்டரி மின்சாரம், எர்த், கம்ப்யூட்டர் பல சென்சார்களுக்குச் சேர்த்துக் கொடுக்கும் 5 வோல்ட் மின்சாரம். உப்புக் காற்று படும் ஊரில் நான் முதலில் பார்ப்பது எர்த்.

மல்டிமீட்டர் ஒன்று போதும். இரவு முழுவதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. அது சரியாக இருந்தால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் மறுமுனையை என்ஜினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளில் தடை இருக்கிறது. வெளிப்பார்வைக்குக் கேபிள் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். போல்ட்டைக் கழற்றினால்தான் அதன் அடியில் பச்சைக் களிம்பும் துருவும் தெரியும். உலோகம் பளிச்சென்று வரும்வரை தேய்த்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

எர்த் நன்றாக இருந்தால் கப்ளர்களைப் பார்க்க வேண்டும். வண்டியை நின்ற இடத்தில் ஓடவிட்டு, ஸ்கேனரில் அந்தச் சென்சாரின் அளவைத் திரையில் வைத்துக்கொண்டு, கப்ளரையும் அதை ஒட்டிய வயரையும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். சுழலும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் பக்கத்தில் கை போகக் கூடாது. எந்த இடத்தை ஆட்டும்போது எண் துள்ளுகிறதோ அங்கேதான் குறை. கப்ளரைக் கழற்றி உள்ளே பாருங்கள்: பின்கள் பச்சை பூத்திருக்கின்றனவா, ஒன்று மட்டும் உள்ளே தள்ளிப் போயிருக்கிறதா, ஓரத்து ரப்பர் சீல் இருக்கிறதா என்று. எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து காயவைக்க வேண்டும். கத்தியால் சுரண்டினால் பின்னின் மேற்பூச்சு போய் அடுத்த மழைக்கே மறுபடியும் களிம்பு பிடிக்கும். வயரின் மேலுறையில் ஊசி குத்தி அளப்பதையும் அனுமதிக்காதீர்கள். அந்தத் துளை வழியாகவே ஈரம் இறங்கும்.

5 வோல்ட் மின்சாரம் குறைந்து காட்டினால், அதே வரிசையிலுள்ள சென்சார்களின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, அந்தச் சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி மற்ற எல்லாவற்றையும் கீழே இழுத்திருக்கிறது.

கேள்வி: அறுவடைக் காலத்தில் காரின் பானெட்டுக்குள் எலி புகுந்து வயரைக் கடித்தது. எலக்ட்ரீஷியன் முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தார். அதன்பின் குண்டும் குழியுமான சாலையில் மட்டும் விளக்கு எரிகிறது.
– வாசகர், கும்பகோணம்

பதில்: முறுக்கிய இடம் குலுக்கலில் நொடிப் பொழுது விட்டு விட்டுத் தொடுகிறது. டேப்பைப் பிரித்து, வயரைச் சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் உறையைப் போட்டு, அந்த இடம் அசையாதபடி கிளிப்பில் கட்டச் சொல்லுங்கள். எலி ஓர் இடத்தோடு நிற்பதில்லை; என்ஜினுக்குப் பின்புறம், கையெட்டாத பக்கத்திலும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: 2021-இல் வாங்கிய பிஎஸ் 6 டீசல் கார். வீட்டிலிருந்து அலுவலகம் நான்கு கிலோமீட்டர்தான். சில வாரங்களுக்கு ஒரு முறை டிபிஎஃப் விளக்கும், சில சமயம் அதோடு என்ஜின் விளக்கும் எரிகின்றன. மகாபலிபுரம் போய் வந்தால் அணைந்துவிடுகின்றன. டீசலின் தரம் சரியில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
– வாசகி, சென்னை

பதில்: டீசலைக் குறைசொல்ல இதில் காரணம் இல்லை, ஓட்டும் முறைதான் காரணம். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 புகை விதிகளுக்காக டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி பொருத்தப்பட்டது. பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை உண்டாக்கக் கம்ப்யூட்டர் கூடுதலாக டீசல் செலுத்தும். நான்கு கிலோமீட்டரில் என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நீங்கள் அலுவலகம் சேர்ந்துவிடுகிறீர்கள். எரிப்பு பாதியில் நின்றுபோகிறது, கரி சேர்ந்துகொண்டே போகிறது. மகாபலிபுரம் சாலையில் ஒரே சீராக ஓடும்போது அது முழுமையாக எரிந்து முடிகிறது.

ஆகவே டிபிஎஃப் விளக்கு மட்டும் எரிந்த அன்றே, காரோடு வந்த கையேட்டில் சொல்லியிருக்கும் வேகத்தில் பதினைந்து இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். பொதுவாக என்ஜின் சுற்று 2,000-ஐ ஒட்டி இருக்கும்படி கியரை வைத்தால் போதும். என்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்துவிட்டால் நீங்களாக ஓட்டி எரிக்க முயல வேண்டாம். கரி அளவுக்கு மீறியிருந்தால் ஒர்க் ஷாப்பில் நிறுத்திவைத்து ஸ்கேனர் மூலம் எரிப்பதே பாதுகாப்பானது.

பலரும் கவனிக்காத ஒன்று என்ஜின் ஆயில். எரிப்பு பாதியில் நிற்கும் ஒவ்வொரு முறையும் கூடுதல் டீசலில் கொஞ்சம் ஆயிலோடு கலக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே வந்தால் மகிழ வேண்டாம். டீசல் கலந்து ஆயில் நீர்த்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். மாற்றும்போது டிபிஎஃப் வண்டிக்கென்று வரும் சாம்பல் குறைந்த ஆயில்தானா என்று டப்பாவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

நெடுஞ்சாலையில் ஓட்டிய மறுநாளே விளக்கு மீண்டும் எரிந்தால் கரியைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு, வடிகட்டியின் முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குப் போகும் இரண்டு சிறு குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றில் வெடிப்போ அடைப்போ இருந்தால், காலியாக இருக்கும் வடிகட்டியையும் நிரம்பியதாகக் கம்ப்யூட்டர் தவறாகப் புரிந்துகொள்ளும். வடிகட்டியையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், இந்தக் குழாய்களைப் பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: விளக்கு எரிந்தால் பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து மாட்டுகிறேன், அணைந்துவிடுகிறது. இதில் தவறு உண்டா? கைபேசியோடு இணையும் சிறிய ஸ்கேனர் வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் குறியீடும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து அழிந்துவிடுகின்றன, கோளாறு அப்படியே இருக்கிறது. கண்டுபிடிக்க உதவும் ஒரே பதிவை நீங்களே அழிக்கிறீர்கள். இனிச் செய்ய வேண்டாம்.

ஸ்கேனர் தாராளமாக வாங்கலாம். உங்கள் காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் அது பொருந்தும். வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: உறுதிப்படாமல் நிலுவையில் இருக்கும் குறியீடுகளையும் காட்டுகிறதா, ஃப்ரீஸ் ஃப்ரேம் படிக்கிறதா, ஓடும்போது அளவுகளைக் கோப்பாகப் பதிவுசெய்கிறதா என்று. நிலுவைக் குறியீடுகள் முக்கியம். விளக்கு எரிவதற்கு முன்பே கோளாறின் முதல் தடயம் அங்கேதான் தெரியும். மலிவான கருவிகள் என்ஜினின் பொதுவான குறியீடுகளை மட்டுமே படிக்கும்; ஏபிஎஸ், ஏர்பேக் போன்றவற்றையும் தயாரிப்பாளரின் தனிக் குறியீடுகளையும் படிக்க ஒர்க் ஷாப் கருவிதான் வேண்டும். வேலை முடிந்ததும் கருவியைச் சாக்கெட்டிலேயே விட்டு வைக்காதீர்கள், பேட்டரி இறங்கும்.

கேள்வி: 2017 மாடல் டீசல் கார் ஒன்றை விலை பேசியிருக்கிறேன். சாவி போடும்போது மற்ற விளக்குகள் எரிகின்றன, என்ஜின் விளக்கு மட்டும் எரியவில்லை. கோளாறே இல்லாததால்தான் எரியவில்லை என்கிறார் விற்பவர்.
– வாசகர், திருச்சி

பதில்: அவர் சொல்வது தவறு. கோளாறு இல்லாத வண்டியிலும், சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கும்போது என்ஜின் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். விளக்கு வேலை செய்கிறது என்பதைக் காட்டுவதற்காகவே அந்த ஏற்பாடு. சாவி போட்டும் எரியவில்லை என்றால் மீட்டரில் அந்த விளக்கு பழுதாகியிருக்க வேண்டும், அல்லது வேண்டுமென்றே செயலிழக்கச் செய்திருக்க வேண்டும்.

விற்பவரின் சம்மதத்தோடு ஸ்கேனர் போட்டு இரண்டைப் பாருங்கள். ஒன்று, குறியீடுகள், விளக்கை நிறுத்தியிருந்தாலும் கம்ப்யூட்டரின் நினைவில் அவை இருக்கும். இன்னொன்று, ரெடினெஸ் என்ற பக்கம். குறியீடுகளை அண்மையில்தான் அழித்திருந்தால், சுய சோதனைகள் பலவும் ‘முடியவில்லை’ என்று அங்கே காட்டும். அப்படிக் காட்டினால், சில நாள் வழக்கம்போல் ஓட்டிய பிறகு மீண்டும் ஒரு முறை படிக்க அனுமதி கேளுங்கள். என்ஜின் விளக்கைச் சரிசெய்து, அது எரிந்து அணைவதை உங்கள் கண்முன் காட்டும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.